புதுப்பிப்பு: நைட் டியூட்டிக்கு எடுத்துவிட்டு ஏன் பகலில் பயிற்சி?

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டிக்கென்றே நர்ஸாகச் சேர்ந்த எங்களுக்கு, ஓரியன்டேஷன் (புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி) முழுக்கப் பகலில்தான் என்றார்கள். அது தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரவுக்கு மாறிவிட்டேன்.

தேவைதான். லேப், ஃபார்மசி, ரத்த வங்கி ஆட்களை நேரில் பார்த்துப் பழகியதால் நடுராத்திரியில் போன் செய்யத் தயக்கமில்லை. கிராஷ் கார்ட்டில் (அவசர மருந்து, கருவிகள் வைக்கும் தள்ளுவண்டி) எந்த டிராயரில் அட்ரினலின் மருந்து இருக்கிறது, மூச்சுக்குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா என்று சீனியர் அக்கா தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். இரவில் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது?

ஆனால் பகல் மட்டும் போதாது. விடியற்காலை 3 மணிக்கு மேல் நம் உடம்பு தானாகத் தளர்கிறது. இன்சுலின் போட்ட நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்குவதும் அந்த நேரத்தில் நடக்கும். தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. நெற்றியைத் தொட்டால் வியர்த்து ஜில்லென்றிருக்கும். இதையெல்லாம் இரவில் ஒரு சீனியரோடு நின்றுதான் பழக முடியும். அதைக் கேட்டேன், முதல் வாரம் சீனியரோடு போட்டிருக்கிறார்கள். நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், டியூட்டி முடிந்து கடலூர் திரும்பும் சிஸ்டர்கள் தயவுசெய்து தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டியில் போகாதீர்கள். பஸ்ஸில் போங்கள்.