லொஃப்ட்டில் கிடக்கும் பெட்டிகள்

துஷி: எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அப்பாவின் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். கூரைக்கடியில் லொஃப்ட்டில் எல்பி இசைத்தட்டுப் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. வியாழன் பின்னேரம் யாருக்கு வர முடியும்?

ரவி அத்தான்: எத்தனை பெட்டி?

துஷி: எண்ணவில்லை. ஒன்றைத் தூக்கும்போதே அடி கழன்றுவிட்டது.

பெரியம்மா: சரிட்டி கடைக்குக் கொடுங்கோ.

பெரியப்பா: ஒருவரும் தொட வேண்டாம்.

கபிலன்: என்ன எல்பி பெரியப்பா? பீட்டில்ஸ்?

பெரியம்மா: பீட்டில்ஸ் என்றால் நான் ஏன் கொடுக்கச் சொல்கிறேன். எல்லாம் டூப்ளிகேட்.

பெரியப்பா: டூப்ளிகேட் இல்லை, கவர் பாட்டு. கபிலன், கவனமாக வாசி. 1968இல் பிக்விக் கம்பெனி ஹால்மார்க் லேபிளில் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. அதே பெயருள்ள பிபிசி டிவி நிகழ்ச்சிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். சார்ட்டில், அதாவது விற்பனைத் தரவரிசையில், ஓடுகிற பாட்டுகளை ஸ்டூடியோப் பாடகர்கள் அச்சொட்டாக அப்படியே பாடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு சிங்கிள், அதாவது சின்னத் தட்டு, வாங்குகிற காசுக்கு ஒரு எல்பி. மாணவனாக இருந்த காலத்தில் அசல் வாங்க என்னிடம் ஏது காசு? பாடினவர் பெயர் உறையில் இருக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

சின்ன மாமா: உறையில் வேறு ஒன்று இருந்ததே 😄

ராணி மாமி: 🙈

பெரியம்மா: அதைச் சொல்லு தம்பி. ஐயர் வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பிகினிக்காரி அலமாரியில் முன்னுக்கு நிற்கிறாள். பிறகு நான்தான் இருந்து எல்லாவற்றுக்கும் காலண்டர்த் தாளில் உறை போட்டேன், பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவது மாதிரி.

துஷி: அது இன்னும் அப்படியே இருக்கிறது அம்மா. மேலே வள்ளி தெய்வானையோடு முருகன்.

கபிலன்: அக்கா படம் அனுப்புங்கோ 😂

ரவி அத்தான்: அந்த ரோட்டில் பார்க்கிங் பெர்மிட் வேண்டுமா?

துஷி: ஆறரைக்குப் பிறகு தேவையில்லை.

கபிலன்: விலை போகுமா பெரியப்பா?

பெரியப்பா: அள்ளி அள்ளி விற்றவை, அதனால் பெரும்பாலும் சல்லிக் காசுதான். ஆனால் 1971இல் மலிவு எல்பிகளையும் பெரிய ஆல்பம் சார்ட்டில் சேர்த்தார்கள். அந்த வருடமே இந்த வரிசையின் 18ஆவது தொகுதி முதலிடத்துக்குப் போனது. மியூசிக் ஃபோர் பிளெஷர் என்ற இன்னொரு மலிவு லேபிள் வெளியிட்ட 'ஹொட் ஹிட்ஸ் 6'உம் போனது. 1972 தொடங்கியதும் மலிவுக்காரர்களை வெளியே தள்ளிவிட்டார்கள். அப்புறம் இன்னொன்று. எல்டன் ஜோன் பெயர் எடுப்பதற்கு முன் இப்படிக் கூலிக்குப் பாடினவர். 1969, 1970 எல்பிகளில் அவர் குரல் இருக்கிறது. பெயர் போடாததால் காதால்தான் பிடிக்க வேண்டும். சேகரிக்கிறவர்கள் அதைத் தேடுவார்கள்.

சின்ன மாமா: அது எந்தப் பெட்டி அத்தான்?

பெரியப்பா: போட்டுக் கேட்டால் தெரியும். கேட்பதற்கு ஊசி வேண்டும். 1983இல் உன் பிறந்தநாள் பார்ட்டிக்குப் போன பிளேயர் ஊசி இல்லாமல்தான் திரும்பி வந்தது.

சின்ன மாமா: மறுபடியுமா. அது முதலே தேய்ந்த ஊசி.

பெரியம்மா: தம்பியை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ராணி மாமி: கேட்க மறந்துவிட்டேன். என் பெரிய இட்லிச் சட்டி யாரிடம்? துஷியின் சாமத்தியத்துக்குக் கொடுத்தது.

ரவி அத்தான்: 😂😂

பெரியப்பா: துஷி, எல்பியைப் படுக்கப் போட்டு அடுக்காதே, வளைந்துவிடும். நிமிர்த்தி வை.

துஷி: வளைந்தாயிற்று அப்பா. ஒரு பெட்டி சுடுதண்ணி டாங்கோடு ஒட்டி இருந்திருக்கிறது.

பெரியப்பா: எந்தப் பெட்டி??

துஷி: நீங்கள் 'முக்கியம்' என்று எழுதின பெட்டி.

கபிலன்: மிச்சத்தை எங்கள் கராஜில் வைக்கலாம். கேட்டுக் கேட்டு எல்டன் ஜோனைப் பிடிப்போம்.

ராணி மாமி: கபிலன், கராஜில் இடமில்லை. அப்பாவிடம் கேள்.

ரவி அத்தான்: வேன் கிடைத்தால் ஏழு மணிக்கு வருகிறேன். கிடைக்காவிட்டால் பார்ப்போம்.

துஷி: அத்தான், வியாழனுக்கு முன் சொல்லுங்கோ.

பெரியப்பா: 🎤 குரல்பதிவு 11:42

பெரியம்மா: ஒருவரும் திறக்க வேண்டாம். ராணி, சட்டி என்னிடம் இல்லை.