புதுப்பிப்பு: 'லெட்' என்றால் விடுவதா, தடுப்பதா?

ஆங்கிலத்தில் 'லெட்' (let) என்றால் இன்று விடுதல், அனுமதித்தல் என்றே பொருள். அப்படியிருக்க, 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுவரை 'லெட்' ஆனதாகத் திருத்தூதர் பவுல் எழுதுவது எப்படிப் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அங்கே வருவது வேறொரு சொல். தடுத்தலைக் குறித்த 'லெட்டன்', அனுமதித்தலைக் குறித்த 'லேட்டன்' எனப் பண்டை ஆங்கிலத்தில் தனித்தனியே வழங்கிய இரு வினைகள், காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே வடிவம் பெற்றன. பவுல் தடுக்கப்பட்டார் என்பதே பொருள். தமிழ் விவிலியம் இவ்விடத்தில் தடை என்றே சொல்வதால், இரண்டையும் ஒப்பிட்டவர்களுக்கு இக்குழப்பமே எழுந்திராது. ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட்டும் தன் தந்தையின் ஆவியின் பின்னே செல்கையில், தன்னை 'லெட்' செய்பவனையே, அதாவது தடுப்பவனையே, கொன்று ஆவியாக்கிவிடுவேன் என மிரட்டுகிறான். வழக்கொழிந்த இப்பொருள் நம் இந்தியக் கடவுச்சீட்டின் ஆங்கில வாசகத்தில், 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' (தடையோ இடையூறோ) என்னும் இரட்டைத் தொடரின் முதற்சொல்லாக இன்றும் அச்சாகிறது.