தொழிலாளர் ஒலிம்பியாட்: விளையாட்டா, கட்சி மாநாடா?

கோல்கம்பம்:
1931இல் வியன்னாவில் நடந்த தொழிலாளர் ஒலிம்பியாட்டை, அதாவது ஐரோப்பியத் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் ஒலிம்பிக்குக்கு மாற்றாக நடத்திய போட்டியைப் பற்றி இடதுசாரி நண்பர்கள் உருகி உருகி எழுதுகிறார்கள். புதிதாகக் கட்டிய பிராட்டர் ஸ்டேடியம், தேசியக் கொடிகளுக்குப் பதில் செங்கொடி, எல்லாம் சரி. ஆனால் மைதானத்தின் நடுவில் முதலாளித்துவத்தைப் பெரிய தலையாகச் செய்து நிறுத்தி, ஆயிரக்கணக்கானோர் நடித்து, கடைசியில் அதைச் சாய்த்தார்களே, அதுவும் விளையாட்டுதானா? மாநாட்டுக்குக் கூட்டம் சேர்க்க ஓட்டப்பந்தயம் வைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

மிதிவண்டி:
அரசியலை முதலில் உள்ளே விட்டது யார் சார்? இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் உடலுழைப்புத் தொழிலாளி கலந்துகொள்ளக் கூடாது என்றே விதி இருந்தது. 1936இல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் அணியையே, துடுப்புப் போடுபவர்கள் போலீஸ்காரர்கள் என்று சொல்லித் தடுத்தார்கள். அடுத்த வருடம்தான் விதி போனது. ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் சங்கங்களிலோ கைசர் (பேரரசர்) பக்தி வழிந்தது. அதனால்தான் 1893இல் கேரா நகரில் தொழிலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள்.

எனக்குப் பிடித்தது 1896இல் தொடங்கிய 'சாலிடாரிட்டேட்' சைக்கிள் சங்கம். உறுப்பினருக்கு விபத்துக் காப்பீடு உண்டு. ஆஃபன்பாக்கில் 'ஃபிரிஷ்அவுஃப்' என்ற பெயரில் சொந்த சைக்கிள் தொழிற்சாலையும் இருந்தது. தேர்தல் வந்தால் சமூக ஜனநாயகக் கட்சியின் துண்டறிக்கைக் கட்டோடு ஊர் ஊராக மிதிப்பார்கள். கட்சி வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊரைத் தாண்டிப் போக ஒரு ஆலைத் தொழிலாளிக்கு வேறு யார் வழி செய்து கொடுத்தார்கள்?

கோல்கம்பம்:
வழி செய்தார்கள், சரி. வந்தவர்கள் தங்கினார்களா? எர்வின் சீலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க் துறைமுகத் தொழிலாளி, லோர்பேர் என்ற தொழிலாளர் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரர். நீங்கள் கொண்டாடும் அதே வியன்னாவில் ஜெர்மன் தொழிலாளர் அணி ஹங்கேரியை 9-0 என்று அடித்தபோது அதில் 7 கோல் அவருடையது. மறு வருடமே தொழிலாளர் இயக்கத்தில் சேராத விக்டோரியா ஹாம்பர்க் கிளப்புக்குப் போய்விட்டார். கட்சிப் பத்திரிகை அவரைத் திட்டித் தீர்த்தது. ஏன் போனார் என்று யோசித்ததா தெரியாது! பெரிய அணிகளோடு மோத வேண்டும் என்று ஆட்டக்காரனுக்கு ஆசை இருக்காதா? அவர் மகன் ஊவே சீலர் 1966 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியின் கேப்டன். லோர்பேரிலேயே தங்கியிருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

ஓரத்து இருக்கை:
நீங்கள் இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஆட்டக்காரர்கள் போனதைவிடத் தலைவர்கள் பிரிந்ததுதான் பெரிய சேதம். 1920இல் லூசர்னில் சமூக ஜனநாயகவாதிகளுக்கு ஒரு விளையாட்டு அகிலம் (சர்வதேசக் கூட்டமைப்பு), 1921இல் மாஸ்கோவில் கம்யூனிஸ்டுகளுக்கு இன்னொன்று. 1925 பிராங்க்ஃபர்ட் ஒலிம்பியாட்டில் மாஸ்கோ தரப்புக்கு இடமில்லை. 1928இல் மாஸ்கோ தனியாக ஸ்பார்டகியாட் என்ற போட்டியை நடத்தியது. 1933இல் ஹிட்லர் வந்து ஜெர்மனியில் இரண்டு தரப்புச் சங்கங்களையும் சேர்த்தே கலைத்தார், சொத்துகளையும் பறித்தார். அதில் மட்டும் பாகுபாடு இல்லை.

மிதிவண்டி:
பிளவு உண்மைதான். ஆனால் பிராங்க்ஃபர்ட்டை ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். 1920, 1924 ஒலிம்பிக்குகளுக்கு, முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை அழைக்கவே இல்லை. அந்த நிலையில், 'மீண்டும் போர் வேண்டாம்' என்று எழுதிவைத்து, நேற்றுவரை எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த நாட்டுக்காரர்களை ஒரே மைதானத்தில் ஓடவிட்டார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளம் வந்தது 1928இல். பிராங்க்ஃபர்ட்டில் 1925லேயே பெண்கள் 4x100 தொடர் ஓட்டத்தில் உலக சாதனையை முறியடித்தார்கள்.

கோல்கம்பம்:
சாதனை வெறி முதலாளித்துவ நோய், எல்லோரும் கலந்துகொள்வதே முக்கியம் என்று பேசிய இயக்கம் அது. அதற்கு வக்காலத்து வாங்க நீங்களே ஒரு ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்!

மிதிவண்டி:
ரெக்கார்டு உங்களுக்காகச் சொன்னது. நீங்கள்தான் கோல் கணக்கோடு வந்தீர்கள்.

ஓரத்து இருக்கை:
வெர்னர் ஸீலன்பிண்டரை மறந்துவிட்டோம். பெர்லின் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்த மல்யுத்த வீரர், கம்யூனிஸ்ட். 1933 ஜெர்மன் சாம்பியன் பட்டம் வாங்கும்போது ஹிட்லர் வணக்கம் செய்யவில்லை. தண்டனையாகப் போட்டிகளிலிருந்து தடை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்க மேடை ஏறினால் அங்கேயும் எதிர்ப்பைக் காட்டுவது என்று திட்டம். நான்காவதாக வந்தார், மேடை கிடைக்கவில்லை. 1944இல் நாஜிகள் அவர் தலையை வெட்டினார்கள்.

கோல்கம்பம்:
மரியாதைக்குரிய மனிதர். ஆனால் அவரும் கடைசியில் வழக்கமான கிளப்பில் சேர்ந்து, வழக்கமான ஒலிம்பிக்குக்குத்தானே போனார்? சீலர் செய்தால் துரோகம், இவர் செய்தால் வீரமா?

மிதிவண்டி:
சீலர் போன 1932இல் லோர்பேர் ஹாம்பர்க்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஸீலன்பிண்டர் போனபோது அவர் வளர்ந்த சங்கமே தடை செய்யப்பட்டிருந்தது. வேறு எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?