கடன் வாங்கிக் கழித்தல்: வீட்டில் எப்படி உதவுவது?

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வாரம் பள்ளியில் செடியின் பாகங்கள், கடிகாரத்தில் அரை மணி பார்ப்பது, குறில் நெடில் சொற்களை உரக்கப் படிப்பது எல்லாம் நடந்திருக்கிறது. வேர்தான் நீரை உறிஞ்சுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறாள். அதில் எனக்குக் கவலையே இல்லை.

சிக்கல் கழித்தலில்தான். 32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதுகிறாள். 2-இலிருந்து 7 போகாது என்பதால், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறாள். இது கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பத்தை அவிழ்த்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பது அவள் மனதில் இன்னும் பதியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்துச் செய்தால் 15 என்று சரியாகச் சொல்கிறாள். தாளில் எழுதும்போது மறுபடியும் 25!

வெறும் விதியாக மனப்பாடம் செய்யவைக்க எனக்கு விருப்பமில்லை. குச்சியிலிருந்து தாளுக்கு எப்படி அழைத்துச் செல்வது? இடையில் கட்டுகளைப் படமாக வரையவைத்தால் உதவுமா? தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இருந்தால், வகுப்பில் எந்த வரிசையில் சொல்லித்தருகிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் மூன்று இலக்க எண்கள் தொடங்குகின்றனவாம்.