புது ரூட்டர் போட்டதிலிருந்து கேபிள் நெட் வரவில்லை, அவசரம்

மாடிவீடு
வணக்கம். மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று நேற்று புது ரூட்டர் வாங்கினேன். மாட்டியதிலிருந்து நெட் இல்லை. மூன்று தடவை ஆஃப் செய்து போட்டுவிட்டேன். லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகினாலும் வரவில்லை. மோடம் போய்விட்டதா? நாளை காலை பெண்ணுக்கு ஆன்லைன் தேர்வு. தயவுசெய்து சொல்லுங்கள்.

வயர்மேன்
என்ன ரூட்டர்? வீட்டுக்குள் வருவது டிவி வயர் மாதிரி திருகி மாட்டுவதா, ஃபைபரா, வெறும் லேன் வயரா? ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் ஐபி (வெளி லைனிலிருந்து ரூட்டருக்குக் கிடைக்கும் நெட் முகவரி) என்ன காட்டுகிறது?

ஈரோட்டு நண்பன்
டிஎன்எஸ்தான், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது. கூகுளின் 8.8.8.8 போடுங்கள், வந்துவிடும்.

சிக்னல்
டிவிக்கு ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறீர்களா? வயரை இரண்டாகப் பிரித்தாலே சிக்னலில் 3.5 டெசிபல் போய்விடும். பிரவுசரில் 192.168.100.1 அடித்து டவுன்ஸ்ட்ரீம் பவர் (மோடத்துக்கு வந்து சேரும் சிக்னல் அளவு) பாருங்கள். மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால் நல்லது.

பழைய உறுப்பினர்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. ஐபியே வராதபோது டிஎன்எஸ் மாற்றி என்ன ஆகப்போகிறது, ஈரோட்டுத் தம்பி? பழைய ரூட்டரைத் திருப்பி மாட்டினால் நெட் வருகிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

மாடிவீடு
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டிவி வயர்தான். ஸ்பிளிட்டர் இல்லை. வேன் ஐபி 0.0.0.0. பழையதை மாட்டினால் உடனே வருகிறது!

பழைய உறுப்பினர்
அப்படியென்றால் மோடம் நன்றாகத்தான் இருக்கிறது. 0.0.0.0 என்றால் ரூட்டருக்கு ஐபி வரவில்லை என்று அர்த்தம். கேபிள் மோடம் ஆன் ஆனதும் முதலில் பார்க்கும் கருவியின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) பிடித்து வைத்துக்கொள்ளும். ஆபரேட்டர் ஒரு கருவிக்குத்தான் அனுமதி தந்திருந்தால் அடுத்தது எதற்கும் ஐபி வராது. லேப்டாப்புக்கும் அதனால்தான் வரவில்லை. மோடத்தை ஆஃப் செய்து, புது ரூட்டரை வேன் போர்ட்டில் (வெளி லைனுக்கான துளை) செருகி, இரண்டு நிமிடம் கழித்து மோடத்தை ஆன் செய்யுங்கள். விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரூட்டர்.

ஈரோட்டு நண்பன்
அவ்வளவு எதற்கு? புது ரூட்டரில் மேக் குளோன் இருக்கும். பழைய ரூட்டரின் மேக்கைப் போட்டால் வேலை முடிந்தது.

பழைய உறுப்பினர்
முடியாது. பழைய ரூட்டரை நாளைக்கு அதே கேபிள்காரர் லைனில் இருக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால், ஒரே மேக் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டு வீட்டிலும் நெட் விட்டுவிட்டு வரும்.

ஈரோட்டு நண்பன்
கொடுத்தால்தானே? நான் 4 வருடமாகக் குளோனில்தான் ஓட்டுகிறேன்.

வயர்மேன்
அதைப் பிறகு பேசலாம், அவர் பெண்ணுக்குத் தேர்வு. வேன் போர்ட் என்று சொன்னதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஆபரேட்டர் வயரை வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருகிவிட்டார். அவர் ரூட்டர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு ஐபி கொடுக்க ஆரம்பித்து, தெருவே நெட் இல்லாமல் நின்றது.

சிக்னல்
மோடத்தின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு 30 விநாடி அழுத்திப் பாருங்களேன்.

வயர்மேன்
வேண்டவே வேண்டாம். பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் அமைப்பு) வைத்துக் கொடுத்திருந்தால் அது அழிந்துபோகும். அப்புறம் மோடமும் ஒரு ரூட்டராகிவிடும், டபுள் நாட் (இரண்டு ரூட்டரும் அடுத்தடுத்து முகவரி மாற்றுவது) தொல்லை வேறு.

மாடிவீடு
ஆஃப் செய்து இரண்டு நிமிடம் விட்டேன். அப்போதும் 0.0.0.0தான்.

வயர்மேன்
எப்படி ஆஃப் செய்தீர்கள்? மோடத்தில் விளக்கு எல்லாம் அணைந்ததா?

மாடிவீடு
சுவர் சுவிட்சில். விளக்கைப் பார்க்கவில்லை, அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கரண்ட் போனாலும் நெட் இருக்கட்டும் என்று மினி யுபிஎஸ் போட்டிருக்கிறேன்.

வயர்மேன்
சார், அப்படியானால் மோடம் ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை! மோடத்தில் செருகியிருக்கும் பவர் பின்னையே பிடுங்குங்கள்.

மாடிவீடு
வந்துவிட்டது! மாடியிலும் கிடைக்கிறது. எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று: சிசிடிவிக்கு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்கு அனுப்பும் அமைப்பு) போட்டேன், வெளியிலிருந்து தெரியவில்லை. பழைய ரூட்டரிலும் தெரிந்ததில்லை. வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது.

பழைய உறுப்பினர்
100.64 முதல் 100.127 வரை இருப்பது உங்களுக்கென்று தனியாகத் தந்த பொது ஐபி இல்லை. ஒரு பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். எந்த ரூட்டர் வாங்கினாலும் அதில் போர்ட் ஃபார்வர்டிங் நடக்காது. ஆபரேட்டரிடம் ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது ஐபி) கேளுங்கள், இல்லையென்றால் கேமராவின் கிளவுட் ஆப்பில் பாருங்கள்.

வயர்மேன்
கேமரா என்ன மாடல்? சொன்னால் ஆப் பெயர் பார்த்துச் சொல்கிறேன்.

வயர்மேன்
சார், தேர்வு நல்லபடியாக முடிந்ததா?