மாதம் 9 டொலர் கட்டித் தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது புடவைக்கடைக்குத் தேவையா?

வெள்ளவத்தைப்புடவை:
காலி வீதியில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். இரண்டு வருடமாக இணையத்தளமும் ஓடுகிறது. மாதம் 8,000 பக்கப் பார்வை வரும், தளத்திலேயே காசு கட்டி வாங்குகிறவர்கள் 30 பேர் தேறும், மிச்சம் எல்லாம் "அக்கா இது இருக்கா" என்று வட்ஸ்அப்பில்தான். கொழும்பை விட்டால் ரொறன்ரோவும் லண்டனும் கூட. தளம் செய்து தந்த பொடியன் சொல்கிறான், தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டுகிற கூகுள் அனலிட்டிக்ஸை விட்டுவிட்டு, அதே வேலை செய்கிற பிளாசிபிள் மாதிரி ஒன்றை எடுங்கள், 10,000 பார்வை வரை மாதம் 9 டொலர்தான் என்று. பெரிய காசில்லை, ஆனால் இலவசமாக ஒன்று இருக்கும்போது எதற்கு என்று தம்பி கேட்கிறான். கூகுளைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, அதுவும் உண்மை. கட்டுவதா விடுவதா?

செட்டியார்தெரு:
கட்டாதீர்கள் தங்கச்சி. உங்கள் வியாபாரம் முடிகிற இடம் வட்ஸ்அப், அதற்குள் எந்த அனலிட்டிக்ஸும் எட்டிப் பார்க்காது, 9 டொலர் கட்டினாலும் 900 கட்டினாலும். ரொறன்ரோவில் ஒரு மாமி உங்கள் புடவை இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டு 12 பேர் தட்டிப் பார்த்தால், அந்த 12 பேரும் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்ற மூட்டைக்குள் போய்விடுவார்கள், ஏனென்றால் ஆள் எங்கிருந்து வருகிறார் என்று வட்ஸ்அப் சொல்லி அனுப்புவதில்லை. எங்களுடையது நகைக்கடை. ஒரு வருடம் காசு கட்டிப் பார்த்தேன், கண்டது அந்த மூட்டையைத்தான்.

கேக்சாமான்:
மூட்டை இலவசத்திலும் அதே மூட்டைதானே அண்ணா, அது எப்படிக் காசு கட்டுவதற்கு எதிரான காரணம் ஆகும்?
நான் கொட்டாஞ்சேனையில் கேக் செய்கிற சாமான் விற்கிறேன். அச்சு, ஐசிங் முனை, பெட்டி. கூகுள் அனலிட்டிக்ஸ் மூன்று வருடம் இருந்தது, நான் திறந்தது பத்துத் தடவை இருக்காது, திறந்த தடவைகளிலும் வேண்டியதைத் தேடவே அரை மணி போகும். இப்போது காசு கட்டுவதில் எல்லாம் ஒரே பக்கம், காலையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்து முடிப்பேன். அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது, என் தளத்தில் ஆட்கள் அதிகம் வருகிற பக்கம் இதய வடிவ அச்சுப் பக்கம், அந்த அச்சோ தீர்ந்து இரண்டு மாதம்! புறக்கோட்டையில் ஒரு பெட்டி எடுத்து வந்து வைத்தேன். ஒரு வருடக் கட்டணம் அந்த மாதமே வந்துவிட்டது.
அப்புறம் 2023 ஜூலை 1 ஐ மறந்துவிட்டீர்களா? பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் அன்றோடு கணக்கெடுப்பதை நிறுத்தியது, 2024 ஜூலையில் பழைய கணக்கைப் பார்க்கவும் விடவில்லை. இறக்கி வைக்காதவர்களுக்குப் போனது போனதுதான், எனக்கும் சேர்த்து. இலவசம் என்றால் அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

செட்டியார்தெரு:
அச்சு விஷயத்தை கூகுளின் சேர்ச் கொன்சோலே சும்மா சொல்லியிருக்கும். எந்தச் சொல்லைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று 16 மாதத்துக்கு வைத்திருக்கிறது, ஒரு சதம் கேட்பதில்லை.

கேக்சாமான்:
கூகுள் தேடலில் வருகிறவர்களை மட்டும் சொல்லும். இன்ஸ்டகிராமில் இருந்து வருகிறவர்கள்? இலவசம் இலவசம் என்று நான்கு கருவியை நான்கு இடத்தில் திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கலாம், உங்கள் கடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். இங்கே சாமான் கொடுப்பதும் நான், பொதி கட்டுவதும் நான், கூரியர்காரனோடு சண்டை பிடிப்பதும் நான்.
இன்னொன்று, கூகுளில் 14 மாதத்துக்கு மேல் தரவு இருக்காது. போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியைப் பார்க்கவே முடியாது.

நிரல்காரன்:
14 மாதம் என்பது முழுதாகச் சரியில்லை. இப்போதுள்ள இலவச கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இல் அந்த எல்லை ஆழமாகத் தோண்டிப் பார்க்கிற 'எக்ஸ்ப்ளோரேஷன்' பகுதிக்குத்தான், சாதாரண அறிக்கைகளில் பழைய கணக்கு இருக்கும். ஆனால் வைத்திருக்கும் காலம் தொடக்கத்தில் 2 மாதமாகத்தான் இருக்கும், நாம்தான் போய் 14 ஆக்க வேண்டும். நான் பார்த்த சின்னக் கடைகளில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டதே இல்லை.
காசு கட்டச் சொல்கிறவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பிளாசிபிள் குக்கீ (வந்த ஆளை மறுபடி அடையாளம் காண அவர் உலாவியில் வைக்கிற சின்னக் குறிப்பு) வைப்பதில்லை, ஆளை எண்ணுகிற குறியை ஒவ்வொரு நாளும் மாற்றிவிடும். இன்று வந்தவர் நாளை வந்தால் புது ஆள். கேக் அச்சுக்கு அது பிரச்சினையே இல்லை, பார்த்ததும் வாங்குகிற சாமான். கூறைக்கு? பெண் பார்க்கிறாள், தாய் பார்க்கிறார், லண்டன் சித்திக்குப் போகிறது, மூன்று கிழமை கழித்துத்தான் காசு வரும். முதல் நாள் விளம்பரத்தில் வந்தவர் இருபதாம் நாள் நேராக வந்து வாங்கினால், அந்த விளம்பரம் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் கணக்கு காட்டும். நீங்கள் அதை நிறுத்திவிடுவீர்கள்.

வெள்ளவத்தைப்புடவை:
அப்படியென்றால் கூகுள்தான் எனக்குச் சரியா?

நிரல்காரன்:
அதுவும் நொண்டிதான். ஐபோன் சஃபாரி இந்த மாதிரி குக்கீயை 7 நாளில் அழித்துவிடும், ஆள் எட்டாம் நாள் வந்தால் அங்கேயும் புது ஆள்தான். விளம்பரத் தடுப்பான் போட்டவர்களை கூகுள் காணவே காணாது. இன்னொரு பொறி, உங்கள் தளத்தில் காசு கட்ட வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்களா? அந்தப் பக்கத்தை 'தேவையற்ற பரிந்துரை' பட்டியலில் சேர்க்காவிட்டால், விற்பனை எல்லாம் அந்தக் காசு கட்டும் தளம் அனுப்பியதாகக் காட்டும். ஒரு கடையில் இதைப் பார்த்துவிட்டு "அவர்களோடு கூட்டு விளம்பரம் செய்யலாமா" என்று முதலாளி கேட்டார், நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு.

கணக்குப்பிள்ளை:
நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், இந்தக் கருவிகள் எதுவும் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். டொலரை 300 என்று வைத்தால் 9 டொலர் 2,700 ரூபாய், அட்டையில் கட்டினால் வங்கியும் தன் பங்குக்கு ஏதாவது எடுக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் இதே 9 டொலர் 1,800 சொச்சம், மே மாதம் 3,200 தாண்டியது. பார்வை மாதா மாதம் தொடர்ந்து 10,000 ஐத் தாண்டினால் அடுத்த படியின் விலை. சரி, இதெல்லாம் தாங்கக்கூடிய காசு, இரண்டு பேரின் மதியச் சாப்பாடு, அதற்காக இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. இரண்டு வருடமாகத் தளம் இருக்கிறது என்கிறீர்கள், அதில் கண்ட எண் ஒன்றைப் பார்த்து நீங்கள் எதையாவது மாற்றியதுண்டா? கேக்சாமான் அக்கா அச்சு வாங்கி வைத்தார். நீங்கள்?
தீபாவளி ஒப்பீட்டைப் பற்றியும் ஒன்று. 2024 இல் ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20, 2026 இல் நவம்பர் 8. "போன வருடம் இதே கிழமை" என்று எந்தக் கருவி அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் அது பொய். எங்கள் பண்டிகை அவர்களுடைய நாட்காட்டிக்குத் தெரியாது.

கேக்சாமான்:
அதற்கு நாளைக் கையால் தெரிவு செய்யலாம், இரண்டு தட்டுத்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

வெள்ளவத்தைப்புடவை:
மாற்றியதா... இல்லை. ஒன்றும் மாற்றவில்லை. விளம்பரம் பார்க்கிறவர்கள் மாதா மாதம் ஒரு அறிக்கை அனுப்புவார்கள், அதில் கோடு எப்போதும் மேலே போகும், நாங்கள் நன்றி என்று பதில் போடுவோம்.

செட்டியார்தெரு:
அந்தக் கோட்டை எனக்கும் தெரியும் 😄
மாற்றம் என்று கேட்டதால் சொல்கிறேன், என் தளத்தில் உருப்படியாக மாறியது ஒன்றே ஒன்று, அதுவும் இலவசத்தில். மைக்ரோசொஃப்ட் கிளாரிட்டி, ஆட்கள் தளத்தில் எங்கே தட்டுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று படமாகப் போட்டுக் காட்டும். ஞாயிறு ஒரு நாள் உட்கார்ந்து இருபது முப்பது பார்த்தேன். சின்ன ஃபோனில் அந்தப் பச்சை வட்ஸ்அப் உருண்டை 'கூடையில் சேர்' பொத்தானுக்கு மேலேயே மிதக்கிறது. பாவம் சனம், நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இப்படி எத்தனை மாதமோ.

நிரல்காரன்:
கிளாரிட்டி நல்லது, பதிவுகளைச் சாதாரணமாக 30 நாள்தான் வைத்திருக்கும், அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். லண்டன் வாடிக்கையாளர் இருப்பதால் குக்கீ அனுமதி கேட்கிற பெட்டியையும் சரியாகப் போடுங்கள்.
வட்ஸ்அப் மூட்டையை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு புடவைப் பக்கத்திலும் வட்ஸ்அப் பொத்தானைத் தட்டினால் முன்கூட்டியே எழுதிய செய்தி திறக்கிற மாதிரிச் செய்யலாம். அதில் புடவைக் குறியீட்டைப் போடுங்கள், விளம்பரத்தில் இருந்து வந்தவருக்குக் கடைசியில் 'வி' என்று ஒரு எழுத்து. ஆள் "கா-214-வி இருக்கா" என்று அனுப்புவார். எந்தப் புடவை, எங்கிருந்து, இரண்டும் செய்தியிலேயே வந்துவிடும். உங்கள் பொடியனுக்கு அரை நாள் வேலை.

கேக்சாமான்:
அதை யார் எண்ணுவது?

நிரல்காரன்:
கொப்பியில் கோடு போட வேண்டியதுதான். நாளைக்குப் பத்து செய்தி வருமா?

கேக்சாமான்:
இரண்டு கிழமை எழுதுவார்கள். மூன்றாம் கிழமை கல்யாண ஓடர் ஒன்று வரும், கொப்பி துணிக்கட்டுக்குள் போய்விடும். என் வீட்டிலும் அப்படிக் கொப்பி நாலு இருக்கிறது. தானாக எண்ணுகிற ஒன்றுக்குத்தான் நான் காசு கட்டுகிறேன், அதைச் சோம்பல் என்றாலும் பரவாயில்லை.

வெள்ளவத்தைப்புடவை:
நேற்றிரவு கிளாரிட்டி போட்டோம். 11 பேரைப் பார்த்தோம். அதில் 4 பேர் வெளிநாடு, நாலு பேரும் விலையைப் பார்த்த இடத்தில் நிற்கிறார்கள், ஒருவர் வெளியே போய்த் திரும்பி வருகிறார், டொலரில் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் தளத்தில் ரூபாய் மட்டும்தான். இரண்டு வருடமாக இது எனக்குத் தோன்றவேயில்லை.
செய்திக் குறியீடும் போடச் சொல்லிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், இலவசம் இருக்க எதற்கு என்று கேட்ட தம்பி இப்போது கட்டுவோம் என்கிறான், அவனுக்கு அந்த ஒற்றைப் பக்கம் பிடித்துவிட்டது. எனக்கு இப்போது வேண்டாம் போல இருக்கிறது. ஐப்பசி வரைக்கும் கொப்பி, நான் எழுதாமல் விட்டால் அவன் அட்டையை எடுத்துக் கட்டலாம் என்று பேச்சு.

கேக்சாமான்:
கொப்பி எத்தனை பக்கம்?

வெள்ளவத்தைப்புடவை:
80.

கேக்சாமான்:
40 போதும் அக்கா.