எண் பொருந்தாத கோல்ட் ரிவால்வர் அசலா, ஒட்டுப்போட்டதா?

நீளக்குழல்: நேற்று ஒருவர் அமெரிக்காவின் கோல்ட் (Colt) நிறுவனம் செய்த 1873 மாடல் ரிவால்வர் ஒன்றின் படத்தைப் போட்டு "அசல் ராணுவ ரிவால்வர்" என்று எழுதியிருந்தார். சட்டகத்தில் (உடல் பகுதி) ஒரு வரிசை எண், விசைக் காப்பில் (விசையைச் சுற்றிய வளையம்) வேறொரு எண், பின்பட்டையில் (பிடியின் பின்பக்க உலோகப் பட்டை) மூன்றாவது எண். குதிரைப்படைக்குக் கொடுத்தது ஏழரை அங்குலக் குழல்; இதில் ஐந்தரைதான் இருக்கிறது. மூன்று துப்பாக்கிகளின் உதிரியைச் சேர்த்துவிட்டு அசல் என்று சொல்லலாமா? புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

கந்தகப்புகை: படம் போட்டவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அமெரிக்க ராணுவம் இந்த மாடலில் சுமார் 37,000 வாங்கியது. 1890களில் அவற்றில் ஆயிரக்கணக்கானதைத் திரும்ப வரவழைத்து, பிரித்து, பழுது பார்த்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டினார்கள். மறுபடி பூட்டும்போது எந்த எண் எதோடு சேருகிறது என்று பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை. எண்ணைக் கலந்தது அரசாங்கம், நான் அல்ல. பிடியைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஆர்.ஏ.சி. முத்திரை தெரிகிறது. ரினால்டோ கார் என்ற பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் அது. அவருக்குச் சரியாகப் பட்டது உங்களுக்குப் படவில்லையா?

நீளக்குழல்: முத்திரை இருக்கட்டும். எண் பொருந்துகிறதா, இல்லையா?

கந்தகப்புகை: பொருந்தாது. பொருந்தினால்தான் நான் சந்தேகப்படுவேன்.

வால்நட்பிடி: அண்ணே, இந்தக் குட்டைக் குழலை ஆர்ட்டிலரி மாடல் என்கிறார்களே, பீரங்கிப் படைக்கு மட்டும் கொடுத்ததா?

கந்தகப்புகை: இல்லை தம்பி. அந்தப் பெயர் பிற்பாடு சேகரிப்பாளர்கள் வைத்தது. 1892இல் ராணுவம் .45 அளவுக் குண்டை விட்டு, அதைவிடச் சிறிய .38 ரிவால்வருக்கு மாறியது. பிலிப்பைன்ஸ் சண்டையில் அந்தக் குண்டு ஆளை நிறுத்தவில்லை என்று புகார் வந்தது. பழைய .45 மறுபடி வேலைக்கு வந்தது.

நீளக்குழல்: பிலிப்பைன்ஸா? நாம் பேசுவது அமெரிக்க எல்லைப்புறக் காலம். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, மேற்கே குடியேற்றம் எட்டாத நிலத்தின் எல்லைக்கோடே முடிந்துவிட்டது. ஐந்தரை அங்குலக் குழல் அதற்கு அப்புறம் வெட்டினது. 1876இல் செவ்விந்தியர்களோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், குதிரைப்படைத் தலைவர் கஸ்டரின் ஆட்கள் இடுப்பில் இருந்தது ஏழரை.

கந்தகப்புகை: சட்டகம் 1870களில் செய்தது! குழலை வெட்டினால் சட்டகத்துக்கு வயது குறைந்துவிடுமா? அதையும் நீங்கள் சொல்கிறீர்கள். போன வருஷம் நிக்கல் பூச்சுப் போட்ட ஒன்றைக் காட்டி "தொழிற்சாலைப் பூச்சு" என்று அடித்துப் பேசினீர்களே, எழுத்துகளின் ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. பிற்பாடு யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பூசினால் அப்படி ஆகும். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

நீளக்குழல்: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அதில் மூன்று எண்ணும் ஒன்று.

வால்நட்பிடி: கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தரும் ஆவணக் கடிதத்தை வாங்கினால் விஷயம் முடிந்துவிடாதா?

கந்தகப்புகை: கடிதம் சட்டகத்து எண்ணுக்குத்தான் வரும். துப்பாக்கி எப்போது, எங்கே போனது என்று சொல்லும். இன்று கையில் இருக்கும் பின்பட்டை யாருடையது என்று எப்படிச் சொல்லும்? எண் பொருந்தணும் என்ற இந்த வெறியால் நடக்கிற அநியாயத்தைக் கேளுங்கள். ஒரு கண்காட்சியில் "மூன்றும் பொருந்துகிறது" என்று ஒருவர் எனக்குக் காட்டினார். விசைக் காப்பை விரலால் தடவினேன், எண் இருந்த இடத்தில் மட்டும் லேசாகக் குழி. பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். மரப்பிடியைக் கழற்றிப் பார்த்தால், உள்பள்ளத்தில் அந்தக் காலத்து மையில் வேறொரு எண். நூறு வருஷத்துக்கும் மேலான வரலாற்றை அரத்தால் அழித்தாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையதில் மூன்று எண்ணும் வேறு வேறு, ஆனால் மூன்றும் தொழிற்சாலையில் அடித்தவை. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

நீளக்குழல்: போலி அடிக்கிறவன் இருக்கிறான் என்பதால் கலப்படம் அசல் ஆகிவிடாது.

கந்தகப்புகை: கலப்படம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

நீளக்குழல்: எண் பொருந்தட்டும், பெறுகிறேன்.

கந்தகப்புகை: சரி. நாளைக்குப் பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மை எழுத்தையும் சேர்த்துப் படம் போடுகிறேன். அதுவும் நாலாவது எண்தான். அப்போதும் இதையேதான் கேட்பீர்கள்.

நீளக்குழல்: ஆமாம், கேட்பேன்.